வருசா வருசம் புகையை அளக்கிறோம், பிரேக்கை யார் அளப்பது?



நீளமான பதிவு. பழைய கார், வேன் வைத்திருப்பவர்களும், பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பும் உம்மாமாரும் வாப்பாமாரும் கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எங்களுக்கும் எங்கள் மேலேயே கோபம் வந்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஆசிரியர்கள். திருமலை ரவுனில் இருந்து கிண்ணியாவுக்குத் தினமும் ஒரே காரில் போய் வருகிறோம். பெற்றோல் வரிசையில் நாட்டையே நிறுத்திய 2022இல் தொடங்கிய பழக்கம் அது. கியூ.ஆர். கோட்டாவைச் சேர்த்து ஓடத் தொடங்கினோம், கோட்டா போன பிறகும் பழக்கம் போகவில்லை. கார், கொரோலா 110. எங்களிடம் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளை விட அதற்கு வயது கூட.

மூன்று கிழமையாக முன் சக்கரத்தில் ஒரு சத்தம். முதலில் பிரேக் பிடித்தால் விசில் மாதிரிக் கீச்சென்றது. பிறகு அது நின்றது. நின்றதும் நாங்கள் சந்தோசப்பட்டோம், "தானாச் சரியாப் போச்சு" என்று. உண்மையில் என்ன நடந்தது என்றால், பேட்டின் ஓரத்தில் எச்சரிக்கைக்கென்றே ஒரு சின்னத் தகட்டை வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எங்கள் காரில் அந்தத் தகடும் சேர்ந்து தேய்ந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது விசில் அல்ல, "கரகர" என்று இரும்பில் இரும்பு அரைக்கும் சத்தம். ரேடியோவைக் கூட்டி வைத்தோம். நாலு பட்டதாரிகள், அதில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர்.

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து மஃரிபுக்குச் சற்று முன் வெள்ளைமணலால் வருகிறோம். கட்டாக்காலி மாடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு தாய் மாடும் கன்றும் வலப்பக்கமிருந்து வீதிக்கு ஏறின. பிரேக்கை மிதித்தார். பெடல் வழமையை விட ஆழமாகப் போனது, கார் ஒரு பக்கமாக இழுத்தது, மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் வீதியோரத்து மணலில் போய் நின்றது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. எங்களில் ஒருவர் மூன்று மாதக் கர்ப்பிணி. சீனக்குடா தாண்டும் வரை காரில் யாரும் பேசவில்லை.

அடுத்த நாள் காரை எங்கள் ஒழுங்கையில் உள்ள பாஸிடம் விட்டோம். சில்லைக் கழற்றியதும் அவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இடப்பக்க உள் பேட்டில் ஒட்டியிருக்க வேண்டிய தேயும் பொருள் ஒரு மில்லிமீட்டரும் இல்லை. வெறும் இரும்புத் தகடு. அது டிஸ்க்கைச் சுற்றிவரக் கலப்பை உழுத மாதிரி உழுதிருந்தது. அதே சில்லின் வெளிப் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். வலப்பக்கத்தில் இரண்டும் சுமார் பாதி. ஏன் இப்படி? கெலிப்பர் இரண்டு பின்னில் வழுக்கி அசைய வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளும்போது வெளிப் பேட்டும் இழுபட்டு வந்து டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கும். எங்கள் இடப்பக்கப் பின் துருப்பிடித்து இறுகி, கெலிப்பர் அசையாமல் நின்றது. உள் பேட் மட்டும் தனியாக உழைத்துச் செத்திருக்கிறது.

ஏழு மாதத்துக்கு முன் வேறொரு கராஜில் பேட் மாற்றியிருந்தோம். அங்கே பின்னைத் தொடவில்லை, டிஸ்க்கை அளக்கவில்லை, பழைய பேட்டைக் கழற்றிப் புதியதைச் செருகி அனுப்பினார்கள். இருபது நிமிட வேலை. நாங்களும் "கெதியா முடிச்சிட்டாங்க" என்று புகழ்ந்துவிட்டு வந்தோம். அந்தக் கராஜின் பெயரைக் கேட்காதீர்கள். குற்றம் பாதி எங்களுடையது. அங்கே போகும்போது நாங்கள் சொன்ன முதல் வசனமே "ஆகக் குறைஞ்ச செலவில பாருங்க" என்பதுதான்.

எங்கள் ஒழுங்கை பாஸ் சொன்னது: "சேர், பேட்ட மட்டும் போட்டுத் தாங்க எண்டா வேற ஆளப் பாருங்க. ரெண்டு பக்கமும் டிஸ்க் மாத்தோணும், பேட் செட் மாத்தோணும், பின் கழுவோணும், ஒயில் மாத்தோணும். நான் செஞ்ச வேலையில நீங்க நாலு பேர் போறீங்க."

எங்களுக்கு முதலில் வந்த நினைப்பு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, "இவர் காசு பறிக்கப் பார்க்கிறார்" என்பதுதான். அதனால் அளந்து பார்ப்போம் என்று பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியை அதிபரிடம் கேட்டு எடுத்து வந்தோம். விஞ்ஞான ஆசிரியர் டிஸ்க்கில் வைத்து அளந்தார்: 21.6 மில்லிமீட்டர். டிஸ்க்கின் நடுப்பகுதியில் "மினிமம் 20" என்று வார்த்திருந்தார்கள். அதாவது 20க்குக் கீழே போனால் எறிய வேண்டும். "பாத்தீங்களா பாஸ், இன்னும் இருக்கு" என்றோம்.

பாஸ் சிரித்தார். சட்டைப் பையில் இருந்து இரண்டு நாணயங்களை எடுத்துத் தந்தார். டிஸ்க்கின் ஆக வெளி விளிம்பில் பேட் படுவதில்லை. அங்கே தேய்வும் இல்லை, துரு ஏறி ஒரு வரம்பு மாதிரி நிற்கும். வேணியர் இடுக்கியின் தாடைகள் அந்த வரம்பில்தான் முட்டுகின்றன. இரண்டு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒவ்வொரு நாணயத்தை வைத்து, நாணயத்துக்கு மேலால் அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழிக்க வேண்டும். கழித்தோம். 18.3.

க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பூச்சிய வழு பற்றி வருசா வருசம் பாடம் எடுப்பவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியர். அந்தப் பின்னேரம் அவர் அதிகம் பேசவில்லை.

சரி, 1.7 மில்லிமீட்டரில் என்ன போய்விட்டது என்று கேட்பவர்களுக்கு அவரே போட்ட கணக்கு இது. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ வரும் கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 180,000 யூல். நிற்கும்போது அது முழுவதும் வெப்பமாக மாற வேண்டும். அரை லீட்டருக்கும் கூடிய தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பம் அது, சில செக்கனுக்குள், அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில் இறங்குகிறது. பிரேக் போட்டால் காரின் பாரம் முன்னால் சாயும், அதனால் முன் பிரேக்தான் கூட உழைக்கும். டிஸ்க்கில் இரும்பு குறைந்தால் அதே வெப்பத்துக்கு அது கூடச் சூடாகும், வெடிக்கவும் பார்க்கும். அந்தச் சூடு கெலிப்பர் வழியாகப் பிரேக் ஒயிலுக்குப் போகும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி நசியும், ஒயில் நசியாது. பெடல் நிலம் வரை போகும், கார் நிற்காது.

இதில் நம் ஊருக்கென்று இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் குடித்த பிறகு அதே ஒயிலுக்குத் தரம் கேட்பது 140தான். மூன்று பக்கமும் கடல் உள்ள இடத்தில் இருக்கிறோம். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று சொல்வதை ஒயில் கொம்பனியின் வியாபாரம் என்று நினைத்திருந்தோம். எங்கள் காரில் இருந்து வந்தது தேயிலைச் சாயம்.

துருவும் அப்படித்தான். உட்துறைமுக வீதி, ஜமாலியா, வெள்ளைமணல், கிண்ணியா எங்கே நிறுத்தினாலும் உப்புக்காற்று. ரமழான் விடுமுறையில் இரண்டு கிழமை காரை எடுக்காமல் விட்டால் டிஸ்க் செம்மண் நிறமாகி நிற்கும். அந்த மேல்துரு நாலு பிரேக்கில் போய்விடும், அது பிரச்சினை இல்லை. பின்னுக்குள்ளும், பேட் உட்காரும் பிரக்கட்டின் கிளிப்புக்கு அடியிலும் ஏறும் துருதான் கண்ணுக்குத் தெரியாமல் பேட்டை இறுக்கிப் பிடிக்கிறது. நுவரெலியாவில் இருப்பவர் பேட்டை மட்டும் மாற்றித் தப்பலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

வேலை எப்படி நடந்தது என்றும் எழுதுகிறோம். உங்கள் வாகனத்தைக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக் அடித்து, ஜக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்தார். (செங்கல்லும் சீமெந்துக் கல்லும் அடுக்கிக் காரை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கல் ஒரு சொடுக்கில் நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம்.) கெலிப்பரைக் கழற்றியதும் அதை ஒயில் ஹோஸில் தொங்க விடவில்லை, கம்பியால் கட்டி மேலே தூக்கி வைத்தார். ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. பிரக்கட் வந்தது, டிஸ்க் வரவில்லை. துருவில் ஒட்டிப் போயிருந்தது. டிஸ்க்கிலேயே இரண்டு மரையோட்டை இருக்கிறது, அதில் போல்ட் இரண்டைப் பூட்டிச் சமமாக இறுக்க, டிஸ்க் தானாகக் கழன்று வந்தது. சுத்தியலால் அடித்திருந்தால் பெயரிங்கும் போயிருக்கும்.

புதிய டிஸ்க்கைப் போடுமுன் அவர் கூடிய நேரம் செலவழித்தது ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதில். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அலுப்பு. ஆனால் அதில் ஒரு துருப்பொருக்கு இருந்தால் புது டிஸ்க் கோணலாக உட்காரும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறத் தொடங்கும், "டிஸ்க் வளைஞ்சு போச்சு, சாமான் சரியில்ல" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும், அதைப் பிரேக் கிளீனரால் கழுவினார். பின்களைக் கழுவி, இறப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் பூசினார். கண்ட கிரீஸையும் அதில் பூசினால் இறப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும். பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பொனட்டுக்குள் ஒயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்க்க எங்களில் ஒருவரை நிறுத்தினார். வழிந்தால் பெயின்ற் உரியும். பேட்தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதவில்லை, ஈரத்தால் கழுவினார். பழைய பேட்டில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். எல்லாம் முடிந்து, கார் நகர முன் பெடலைப் பல தடவை மிதித்து இறுக்கினார். மிதிக்காமல் எடுத்தால் முதல் பிரேக்கில் பெடல் வெறுமையாக இறங்கும், கராஜ் மதிலில் போய்த்தான் நிற்பீர்கள். பிறகு வெறும் வீதியில் இருபது முப்பது தடவை மிதமான வேகத்தில் இருந்து மெல்ல மெல்லப் பிரேக் போட்டுப் பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்கச் சொன்னார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி பார்க்கச் சொன்னார்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி ளுஹர் பாங்குக்கு முடிந்தது. கூலியைச் சொன்னார். நாங்கள் பேரம் பேசவில்லை, வாழ்க்கையில் முதல் தடவை.

இப்போது சண்டைக்கு வருகிறோம்.

முதலாவது, நம்மவர்கள். அலோய் வீல் போடக் காசு இருக்கிறது. கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்ட, பின்னால் ஸ்பீக்கர் வைக்க, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் முழுக்கப் பூ ஒட்டக் காசு இருக்கிறது. டிஸ்க் என்றதும் "இன்னும் ஓடும் பாஸ்". பஞ்சிகாவத்தையில் இருந்து பழைய டிஸ்க் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் தேய்த்து முடித்துக் கழற்றிய டிஸ்க் அது. லேத்தில் கொடுத்து இழைக்கலாம், அது தப்பில்லை, இழைத்த பிறகும் டிஸ்க்கில் எழுதிய தடிப்புக்கு மேலே இருந்தால். நம்மில் யார் இழைத்த பிறகு அளக்கிறோம்? ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுபவர்கள் இன்னொரு கூட்டம். சடுதியாகப் பிரேக் போட்டால் கார் எந்தப் பக்கம் பாயும் என்பதை எங்களிடம் கேளுங்கள், வெள்ளைமணல் மணலுக்குத் தெரியும்.

"நான் மெதுவாத்தான் ஓடுவன்" என்கிறார் ஒரு நானா. நல்லது. கிண்ணியாப் பாலத்தடியில் பிள்ளை பாயும்போது மெதுவாக ஓடுபவருக்கும் பிரேக் வேண்டும். "ஹேண்ட் பிரேக் இருக்கே" என்கிறார் இன்னொருவர். அது பின் சில்லை மட்டும் பிடிக்கும்.

"எல்லாம் கத்ர்" என்பவர்களுக்கு நீட்டி எழுத விருப்பமில்லை. ஒட்டகத்தைக் கட்டவா, விடவா என்று கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பது மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, அரசாங்கம். வருசா வருசம் வருமான வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். குழாயில் கம்பியை விட்டுப் புகையை அளக்கிறார்கள். எங்கள் கார் போன வருசம் அதில் பாஸ். இடப்பக்கப் பின் இறுகத் தொடங்கியிருந்த அதே கார். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், தனியாரின் 25 வருசக் காருக்கு பிரேக் பிடிக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. நாட்டில் வீதி விபத்தில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். புகை அளக்கும் இடத்திலேயே சில்லை உருட்டிப் பிரேக் அளக்கும் கருவி வைப்பது புதுமை இல்லை, பல நாடுகளில் காலத்துக்குக் காலம் நடக்கும் வாகனப் பரிசோதனையில் அதையும் பார்க்கிறார்கள். ஜப்பானிலும் அப்படித்தான். நாம் ஓடும் கார்களைச் செய்த நாடு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசத்தில் ரூபாய் விழுந்தது, பழைய காரின் விலை ஏறியது, உதிரிப்பாகத்தின் விலையும் ஏறியது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் ஆசிரியச் சம்பளத்தில் புதுக்கார் கனவுதான். அதாவது நம் கார்கள் இன்னும் பத்து வருசம் இதே வீதியில்தான் ஓடப் போகின்றன. அப்படியிருக்க டிஸ்க்கையும் பேட்டையும் ஆடம்பரச் சாமான் மாதிரி வரி போட்டு விற்பது என்ன நியாயம்? டயருக்கும் பிரேக்குக்கும் வரியைக் குறையுங்கள் என்று கேட்க நம் பிரதேச அரசியல்வாதிகளில் ஒருவருக்காவது வாய் இருக்கிறதா? பெட்டியில் ஜப்பான் பெயர் அச்சடித்துப் போலியை விற்கும் கடைகளைப் பிடிக்க ஆள் இருக்கிறதா? அது வரை, பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள். அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிகிறது.

மூன்றாவதுதான் எங்களுக்குக் கூட நோகும் இடம். பள்ளிக்கூட வேன்.

காலையில் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வரும் வேன்களில் சிலதின் சத்தம் எங்களுக்கு இப்போது விளங்குகிறது. முன்பு விளங்கவில்லை. அதே கரகர. உள்ளே பதினைந்து பிள்ளைகள்.

2021 நவம்பர் 23ஐ இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட நம் உறவுகளைக் கொடுத்தோம். யார் அனுமதி கொடுத்தது, யார் பரிசோதித்தது என்று அன்று ஊரே கேட்டது. பாலம் இல்லாமல் ஏறியவர்கள் அவர்கள், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வேனில் ஏற்றும் நமக்கு வழி இருக்கிறது. மாதக் கட்டணத்தைப் பேரம் பேசும் அந்த ஐந்து நிமிடத்தில் "தம்பி, கடைசியா எப்ப பிரேக் பாத்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்கும் வழி.

வேன்காரரை மட்டும் ஏசுவதும் அநியாயம். அவருக்கும் குடும்பம், லீசிங், டீசல். ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வேன் மாற்றும் பெற்றோர் நாம்தானே. டிஸ்க், பேட், ஒயில், கூலி எல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு மாத வருமானத்தில் பெரும் துண்டு. பதினைந்து வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நேர பிரியாணிக் காசு, அதுவும் வருசத்துக்கு ஒரு முறை கூட வராது. பெற்றோர் சேர்ந்து கொடுங்கள். கொடுத்துவிட்டு பில்லையும் கழற்றிய பழைய டிஸ்க்கையும் காட்டச் சொல்லுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மதில் கட்டுவதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறோம், தவணைக்கு ஒரு முறை வேன்களின் முன் சில்லைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கிழமைக் கூட்டத்தில் நாங்கள் நாலு பேரும் இதை எழுத்தில் கொடுக்கிறோம். ஜும்ஆவில் "வீதியை மறித்து வாகனம் நிறுத்தாதீர்கள்" என்று அறிவிக்கும் நிர்வாகத்தினர் அதோடு ஒரு வசனத்தைக் கூட்டிச் சொன்னால் யாரும் குறைய மாட்டார்கள்.

"சேர்மாருக்கு இப்ப மெக்கானிக் வேலையும் தெரியுமாம்" என்று கொமென்ட் வரும் என்பது தெரியும். தெரியாது. தெரியாததால்தான் ஒரு கர்ப்பிணித் தங்கச்சியை அந்தக் காரில் மூன்று கிழமை ஏற்றிப் போனோம்.

பழைய டிஸ்க் இரண்டும் இப்போது ஆய்வுகூடத்தில் இருக்கின்றன, வேணியர் இடுக்கிப் பரிசோதனைக்கு. விளிம்பில் வைத்து அளந்து 21.6 என்று எழுதும் பிள்ளைக்குப் பாதி மார்க்தான்.

ஆய்வுகூடத்து இடுக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்களும் ஒன்று வாங்கிவிட்டோம். திருமலை ரவுனிலோ கிண்ணியாவிலோ யாராவது சில்லைக் கழற்றினால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பின்னேரம் என்றால் கொண்டு வருகிறோம். நாணயம் இரண்டை நீங்கள் எடுத்து வையுங்கள்.